விட்டு விட்டு எரிகிற விளக்கு

இப்போது பார்த்து அது வரவே வராது. ராக்கியப்பனுக்கு அது நன்றாகத் தெரியும். பல்வலிக்காரன் டாக்டர் வாசலை மிதித்ததும் வலி போன இடம் தெரியாமல் போகிற மாதிரி, மெக்கானிக் ஜாகீர் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் போதும், அந்தச் சிவப்பு விளக்கு நல்ல பிள்ளையாகிவிடும். போன வாரமும் அதே கதை, அதற்கு முந்தின வாரமும் அதே கதை. பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு, டீ குடித்து, தன் முறை வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து, ஜாகீர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சாவியைத் திருப்பினால் மீட்டர் பளிச்சென்று இருக்கும். "எங்கங்ணா, ஒண்ணையும் காணமே" என்று சிரிப்பான். ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகுவான், அதுவும் கையை விரித்துவிடும். ராக்கியப்பன் பொய் சொல்லிப் பிடிபட்ட ஆள் மாதிரி நிற்பார். ஐம்பது தாண்டிய மனுஷன், முப்பது வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவர், இல்லாத விளக்கை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருவாரா? ஆனால் இருக்கிறது. மீட்டரின் இடது கீழ் மூலையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி, ரத்தச் சிவப்பு. கைப்பிரேக் போட்டால் எரியுமே, அதே விளக்கு. கைப்பிரேக் இறங்கித்தான் இருக்கும். குனிந்து அதைத் தொட்டு, இன்னும் ஓர் அழுத்து அழுத்திவிட்டு மறுபடியும் ஸ்பீடு முள்ளைப் பார்த்தால் விளக்கு இருக்காது. இருந்ததா? இருந்தது. இப்போது இல்லையே? இல்லை. அப்படியென்றால் எது நிஜம் என்று யாரிடம் போய்க் கேட்பது. கேட்டால் சிரிப்பார்கள். மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டி வீதியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாரிகள் ஓரங்கட்டி நின்றன. மண்ணும் மூட்டையும் வெயிலும் கலந்த வாசனை ஜன்னல் வழியாக வந்தது. விளக்கு வரவில்லை. ஜாகீர் மடியில் ஸ்கேனரை வைத்துக்கொண்டு, காலுக்கடியில் தொங்கிய ஒயர்க் கற்றையை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே வந்தான்.

"நீங்க பாட்டுக்கு ஓட்டுங்ணா. தினமும் எப்படிப் போவீங்களோ அப்படியே போங்க. லைட்டையே மொறச்சுட்டு வராதீங்க. அத நான் பாத்துக்கறேன்."

தினமும் எப்படிப் போவேன். தினமும் நான்கு டீச்சர்களை ஏற்றிக்கொண்டு போவேன். கோத்தகிரிப் பக்கம் மேலே வேலை, வீடு கீழே. நான்கு பேரும் சேர்ந்து மாத வாடகைக்கு அவர் வண்டியைப் பேசி வைத்து வருஷம் பல ஆகிவிட்டது. விடிந்ததும் ஒவ்வொரு வாசலாக ஹாரன் அடித்து ஏற்றிக்கொள்வார். ஒரு டீச்சர் டிபன் மூடியில் இட்லியைப் பிட்டுத் தின்பார், ஒருவர் ஈரத்தலையைக் கோதி முடிவார், ஒருவர் வீட்டுக்குப் போன் போட்டு, குக்கரை அணைக்கச் சொல்லி விரட்டுவார். முன் சீட்டில் ஜெசிந்தா டீச்சர், மடியில் பரீட்சைத் தாளும் கையில் பேனாவும். முதல் வளைவு தாண்டுவதற்குள் பின்னால் மூன்று தலையும் சாய்ந்துவிடும். கண்ணாடியில் பார்த்தால் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்தால் மானம் போய்விடும். அத்தனை வளைவிலும் தூங்குகிறார்கள் என்றால் யாரை நம்பி? அதை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவருக்கு அது போதும். சொல்லப்போனால் அவருக்கு அது பெரிய கௌரவம். அந்த கௌரவத்துக்குத்தான் இந்தச் சிவப்பு விளக்கு வேட்டு வைக்கிறது. நாளை திங்கட்கிழமை. பிரேக் விளக்கு எரிகிற வண்டியில் அந்த நான்கு பேரையும் வைத்துக்கொண்டு மலையேற வேண்டும். சொல்லவில்லை. டீச்சர்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும் ஜெசிந்தா டீச்சர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, "அண்ணா, அதென்ன செவப்பா எரியுது?" என்று கேட்டார். பார்த்தால் எரிகிறது. "இப்பத்தாங்க டீச்சர் வந்துச்சு. ஹேண்ட் பிரேக் லேசா ஒட்டியிருக்கும்" என்றார். "இப்பவா?" என்றார் டீச்சர். அப்புறம் தாளுக்குத் திரும்பிவிட்டார். அந்த 'இப்பவா' அவருக்குப் பிடிக்கவில்லை. பொய் என்று கண்டுபிடித்துவிட்டாரோ? பிள்ளைகளின் புளுகைத் தினமும் கேட்கிறவர்களிடம் புளுகக் கூடாது. ஹேண்ட் பிரேக் ஒட்டவில்லை என்று ராக்கியப்பனுக்குத் தெரியும், தெரிந்தே சொன்னார், சொல்லிவிட்டு மேலே போய்ச் சேர்கிறவரை பிரேக் பெடலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே போனார். பெடல் நன்றாகத்தான் இருந்தது. இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருக்கிற பெடல்தான் ஒரு நாள் பொதுக்கென்று தரையோடு போகும்.

பாலம் வந்தது. கீழே பவானியில் யாரோ துணியை அடித்துத் துவைக்கிற சத்தம், ஆற்றுக் காற்று, பாறைமேல் காய்கிற புடவைகளின் மஞ்சளும் பச்சையும். அதையெல்லாம் பார்க்க அவருக்கு மனசில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மூலையைப் பார்த்தார். இல்லை. இனிமேல் பார்ப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டார். பார்க்கப் பார்க்கத்தான் அது ஒளிந்துகொள்கிறது, பார்க்காமல் விட்டால் தானாக வரும். ரோட்டைப் பார்ப்போம், போகிற போக்கில் முள்ளைப் பார்ப்போம், அவ்வளவுதான். சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரக்கண்ணுக்குத் தெரியாமலா போகும்? ஓரக்கண் இல்லாதவன் டிரைவரே இல்லை என்று டாக்ஸி ஸ்டாண்டில் எத்தனை பேருக்குப் பிரசங்கம் செய்திருக்கிறார். இடது பக்கம் நாய் எழுந்தால் அவருக்குத் தெரியும், வலது பக்கம் ஸ்கூட்டர்க்காரன் நினைப்பதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரியும். லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது கண் டாக்டர் போர்டைக் காட்டி வாசிக்கச் சொன்னார். கண்ணாடி இல்லாமல் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தார். "கழுகுக் கண்ணுங்க உங்களுக்கு" என்றார் டாக்டர். ஸ்டாண்டில் ஒரு மாசத்துக்கு அந்தக் கழுகைப் பறக்கவிட்டார். பாக்குத் தோப்பு ஆரம்பித்து வெயில் கோடு கோடாக ரோட்டில் விழுந்தது. வண்டி திடுமென்று தூக்கிப் போட்டது. ஜாகீரின் தலை கூரையில் இடித்தது.

"மெதுவாங்ணா! ஸ்பீடு பிரேக்கருங்ணா அது."

"வெள்ளைகூட அடிக்காம மேடு போட்டு வெச்சிருக்கானுக. மனுசனுக்கு எப்படித் தெரியும்?"

ஜாகீர் தலையைத் தேய்த்துக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தான். ரோடு போட்டவனை ராக்கியப்பன் மனசுக்குள் வம்சத்தோடு வைதார். இப்போதெல்லாம் எங்கே பார்த்தாலும் இப்படித்தான், கண்டவனும் கண்ட இடத்தில் மேடு போடுகிறான், அவர் வீட்டு வாசல்படியைக்கூடக் கொத்தனார் ஒரு விரற்கடை உயர்த்திவிட்டான் போல, வாரத்துக்கு ஒரு தடவையாவது கால் இடறுகிறது. எல்லாரும் சேர்ந்து அவரைத் தடுக்கிவிடத்தான் பார்க்கிறார்கள். விளக்கு வரவில்லை. முள் நாற்பதில் நின்றது. ஜாகீர் போன தடவையே சொன்னான்: பிரேக் ஆயில் டப்பாவுக்குள் ஒரு மிதவை இருக்கும், ஆயில் குறைந்தால் அது இறங்கி விளக்கைப் போடும், வளைவில் வண்டி சாயும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் போடும் என்று. ஆயில் ஊற்றியாகிவிட்டது. சொருகு முனையைக் கழற்றித் துடைத்து மாட்டியாகிவிட்டது. அப்படியும் அது வருகிறது என்றால் மிதவை இல்லை, ஆயில் இல்லை, வேறு என்ன? நிஜமாகவே பிரேக்தானா? விளக்கு உண்மையைச் சொல்கிறது, ஸ்கேனர்தான் பொய் சொல்கிறதா? ஸ்டாண்டில் கூட ஓட்டிக்கொண்டிருந்த தனகோட்டியின் நினைவு வந்துவிட்டது. வரக் கூடாது என்று பாலத்திலிருந்தே தள்ளித் தள்ளி வைத்திருந்தார், வந்துவிட்டது. தனகோட்டியின் ஜீப் பள்ளத்தில் இறங்கிய அன்றைக்கு இவரும் கயிறு பிடித்துக் கீழே போனார். புதரில் ஒரு டிபன் கேரியர் தட்டு, கழுவி வைத்த மாதிரிச் சுத்தமாகத் தொங்கியது. அதைத் தொட யாருக்கும் கை வரவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று சிலர் சொன்னார்கள், தூங்கிவிட்டான் என்று சிலர் சொன்னார்கள். செத்தவனைக் கேட்கவா முடியும். டிபன் மூடியில் இட்லி பிட்டுத் தின்கிற டீச்சரின் கை ஞாபகம் வந்தது.

"வளைவுல பாக்கலாங்ணா. இன்னும் மேல போங்க" என்றான் ஜாகீர்.

பார்க்கலாம். வளைவில் வந்தே தீர வேண்டும். முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டியை அகலமாக எடுத்துத் திருப்பினார். கண் ரோட்டில். பிறகு முள்ளில். பிறகு ரோட்டில். இல்லை. வாயேன் சனியனே, வந்து தொலையேன். எரியக் கூடாது என்று வேண்டிக்கொண்ட விளக்கை எரியச் சொல்லிக் கெஞ்சுகிற நிலைமைக்கு வந்துவிட்டதே என்று அவருக்கே சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. இன்றைக்கும் வராவிட்டால் ஜாகீர் என்ன நினைப்பான்? ஏற்கெனவே அவன் 'ங்ணா'வில் ஒரு இரக்கம் கலந்திருக்கிறது. வயசானவர்களிடம் பேசுகிற 'ங்ணா'. வீட்டில் மனைவி சரசுவும் அப்படித்தான், "ஏனுங்க, தூக்கத்துலகூட லைட்டு லைட்டுன்னு பொலம்பறீங்க, ஒரு நடை டாக்டருகிட்டப் போயி நரம்பைக் காட்டிட்டு வாங்க" என்கிறாள். நரம்பாம். ஸ்டாண்டில் மணியக்காரன் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டான். "அத ஏன் பாக்கறே? ஊட்டுக்காரியோட ஸ்டிக்கர் பொட்டு ஒண்ண எடுத்து அதுமேல ஒட்டிடு. என் வண்டில மூணு லைட்டு அப்படித்தான் மூடி வெச்சிருக்கேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் வீட்டுக்குப் போய் முகம் கழுவும்போது கண்ணாடியில் சரசு ஒட்டி வைத்திருந்த பொட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பதை இப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், யாரோ விசாரிக்கிற மாதிரி. ஒருவேளை நரம்புதானோ? இல்லாததெல்லாம் தெரிய ஆரம்பித்துவிட்டதோ? சாயங்காலம் ஆனால் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று சொல்கிற கிழவர்கள் இருக்கிறார்களே, அந்த வரிசையில் தானும் போய் நின்றாகிவிட்டதோ? அப்படி ஒருத்தனை நம்பியா நான்கு பேர் மலையேறுவது? ஜெசிந்தா டீச்சர் பார்த்தாரே. அவரும் பார்த்தாரே, அப்புறம் எப்படி இல்லாததாகும். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு அடுத்த வளைவையும் ஏறினார். கியர் மாற்றினார். இன்ஜின் முனகியது. ரோட்டோரத்தில் குரங்குகள் வண்டியைச் சட்டை செய்யவில்லை.

"இன்னொரு வளைவு போலாங்ணா."

"சரி."

"ஆயில் சாயறப்ப மாறுதான்னு பாக்கணும்."

"பாரு."

அந்த வளைவிலும் ஒன்றும் இல்லை. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. தடுப்புச் சுவரை ஒட்டி இடம் விரிந்த ஒரு திருப்பத்தில் வண்டியை ஒதுக்கி, இன்ஜினை அணைக்காமல், கைப்பிரேக்கைக்கூடப் போடாமல், காலால் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தார். கீழே மேட்டுப்பாளையம் வெயிலில் கிடந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கும் வரல, ஜாகீரு."

"எதுங்ணா வரல?"

"லைட்டுதான்."

ஜாகீர் மீட்டரைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். மறுபடியும் மீட்டரைப் பார்த்தான்.

"அண்ணா, வெளையாடறீங்களா? பாலம் தாண்டுனதுல இருந்து எரிஞ்சுட்டேதானங்ணா இருக்குது. வளைவுல அணையுதா, அணையுதான்னு பாத்துட்டே வர்றேன், அணையவே இல்ல. நீங்களும் அதத்தான் பாக்கறீங்கன்னு நெனச்சேன்."

ராக்கியப்பன் குனிந்து மூலையை நேராகப் பார்த்தார். எரிந்தது. வட்டம், ஆச்சரியக்குறி, ரத்தச் சிவப்பு, அசையாமல் கொள்ளாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. கண்ணை நகர்த்தி முள்ளைப் பார்த்தார். விளக்கு இல்லை. மூலையைப் பார்த்தார், இருந்தது. முள்ளைப் பார்த்தார், இல்லை. கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார், மீட்டர் முழுக்கவே எங்கோ மங்கிப்போனது. அந்த இடத்தில் ஒரு கறுப்பு தெரிந்திருந்தால்கூட, ஒரு ஓட்டை மாதிரி ஏதாவது தெரிந்திருந்தால்கூட, இங்கே ஒன்று குறைகிறது என்று கண்டுபிடித்திருப்பார். ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் சரியாக, பளிச்சென்று, குறை இல்லாமல் இருக்கிற மாதிரியே இருந்தது. இத்தனை நாளும் அப்படித்தான் இருந்திருக்கிறது. ரோட்டில் விளக்கு விட்டு விட்டு எரியவில்லை, அவர் கண்தான் அதை விட்டு விட்டுப் பார்த்திருக்கிறது. பொள்ளாச்சியில் அவருடைய அக்கா இப்படித்தான் டம்ளரை மேஜை இல்லாத இடத்தில் வைப்பாள், உடையும், மருமகளைத் திட்டுவாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்துவிட்டது, போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னபோது இவர்தான் அவளை வண்டியில் வைத்துக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். உங்கள் கண்ணையும் காட்டிவிடுங்கள் என்று அந்த டாக்டர் இவரிடமும் சொன்னார். இவர் தன் கழுகைப் பற்றிச் சொன்னார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது வந்த பயமெல்லாம் இப்போது வந்த பயத்துக்கு முன் ஒன்றுமே இல்லை.

ஜாகீருக்கு இது எதுவும் தெரியாது. அவன் உற்சாகத்தில் இருந்தான். எரிகிற விளக்கு கைக்குக் கிடைத்துவிட்டதே! பானட்டைத் திறந்து, மிதவைக்குப் போகிற ஒயரை விரலால் பிடித்துக்கொண்டே போனவன், "புடிச்சுட்டேன்! அண்ணா, இப்ப மீட்டரப் பாருங்க" என்று கத்தினான். நேராகப் பார்த்தார், அணைந்தது. தேய்ந்துபோன ஒயர் ஒன்று இரும்பில் பட்டுக்கொண்டிருந்ததாம். வண்டி சூடாகிக் குலுங்கினால் போய் ஒட்டிக்கொள்ளுமாம், ஆறிவிட்டால் விட்டுவிடுமாம். "பட்டறைல நிறுத்திட்டு நீங்க டீ குடிக்கறதுக்குள்ள ஆறிப்போயிருக்கும், அதான் நமக்குக் காட்டல. பிரேக்குல ஒரு கொறையும் இல்லீங்ணா. நாளைக்கு தைரியமா மலையேறுங்க." பேசிக்கொண்டே இன்சுலேஷன் டேப்பைப் பல்லால் கடித்துச் சுற்றினான். ராக்கியப்பன் வண்டியை அணைத்து, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி, இன்ஜின் சூட்டில் முகம் காய நின்றார். சரியாகிவிட்டது. வண்டி சரியாகிவிட்டது. இனி அந்த மூலையில் எதுவும் எரியாது, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஜாகீரிடம் வெயிலில் கண் கூசியது என்று சொல்லிவிடலாம், அவன் நம்பிவிடுவான், நம்பத் தயாராகத்தான் இருக்கிறான். வளைவெல்லாம் கைக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவேன் என்று எத்தனை தடவை பெருமையடித்திருக்கிறார். நாளை ஒரு நாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்த வாரம் மட்டும். பரீட்சை முடிகிற வரைக்கும் மட்டும். சட்டைப் பையில் போன் அடித்தது. ஜெசிந்தா டீச்சர்.

"அண்ணா, நாளைக்கு மேல இன்ஸ்பெக்‌ஷனாம். கொஞ்சம் வெள்ளன வந்துருங்கண்ணா. மத்தவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

சரிங்க டீச்சர் என்று நாக்கு பழக்கத்தில் தொடங்கிவிட்டது. தொடங்கிய இடத்திலேயே நின்றது.

"வண்டி வருங்க டீச்சர். வேற டிரைவரு வருவாரு. நான் வரலீங்க."

"ஏண்ணா? ஒடம்பு சரியில்லீங்களா?"

"கண்ணு தெரியலீங்க டீச்சர்."

சொல்லிவிட்டார். பானட்டுக்குள் குனிந்திருந்த ஜாகீர் நிமிர்ந்தான். வாயிலிருந்து டேப் தொங்கியது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து தாள் திருத்திய அத்தனை மலைப்பாதையும் டீச்சருக்கு ஒவ்வொரு வளைவாக இப்போது நினைவுக்கு வந்துகொண்டிருக்கும் என்று ராக்கியப்பன் நினைத்தார். திட்டட்டும். திட்டினால் நன்றாக இருக்கும்.

"இப்ப எங்கண்ணா இருக்கீங்க?" என்றார் டீச்சர். குரல் சன்னமாக வந்தது.

"மலைலதாங்க. மூணு வளைவு மேல."

"யாராவது கூட இருக்காங்களா?"

"இருக்காருங்க."

"அப்ப அவர ஓட்டச் சொல்லுங்கண்ணா. நீங்க ஓட்டாதீங்க."

"சரிங்க டீச்சர்."

சாவி வண்டியிலேயே இருந்தது. ஜாகீர் பானட்டைச் சாத்திவிட்டு டிரைவர் பக்கம் போனான். ராக்கியப்பன் இடது பக்கம் சுற்றிப் போய்க் கதவைத் திறந்தார். சொந்த வண்டியில் இந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை. சீட் வேறு மாதிரி இருந்தது, காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஜாகீர் வண்டியைத் திருப்பிக் கீழ்நோக்கி விட்டான். நன்றாகத்தான் ஓட்டினான். வளைவு நெருங்கியது. ராக்கியப்பனின் வலது கால் முன்னால் போய் வெறும் தரை விரிப்பை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை என்று தெரிந்த பிறகும், ஊர் வந்து சேர்கிற வரைக்கும் அவர் காலை எடுக்கவில்லை.